ரிஜெக்ட் சார் அமெரிக்கர் ஆன கதை

கடவுளே ஒரு பொருளைச் செய்து கொண்டுவந்து நீட்டினாலும், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஓரத்துல பிசிறு இருக்கு, எடுத்துட்டு வா" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஓசூர் சிப்காட்டில் இருந்தார். அவர்தான் எங்கள் ரிஜெக்ட் சார்.

வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில், அவர் இன்ஸ்பெக்‌ஷனில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். அதை அவர் கையில் எடுத்தால் டர்னரும் ஃபிட்டரும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். கேன்டீன் வடையைக்கூடச் சும்மா விடமாட்டார். "ஏம்ப்பா, ஓட்டை நடுவுல இல்லையே" என்று மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து போய்ப் பந்தல்காலைத் தட்டிப் பார்த்தவர் அவர்.

பெற்ற மகளுக்கு வந்த மாப்பிள்ளைகள் மட்டும் தப்புவார்களா? ஒருவனுக்கு நடை சரியில்லை, ஒருவன் காபியை ஊதிக் குடித்தான். கடைசியாக அமெரிக்காவில் வேலை பார்த்த ஒருவனுக்கு மறுபேச்சில்லாமல் சரி சொன்னார். பிறந்த குழந்தைக்குப் பேச்சு வராது என்று டாக்டர்கள் சொன்னதும் அந்த மாப்பிள்ளை மனைவியையும் மகனையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். "நான் பாஸ் போட்ட பீஸுப்பா அது" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். 

சாரின் மனைவி முன்பே தவறிப்போயிருந்தார். ரிட்டயர் ஆனதும் ரிஜெக்ட் சார் அமெரிக்காவில் இருந்த மகளிடம் போய்விட்டார். மகள் அந்த நாட்டுக் குடிமகள் ஆகியிருந்ததால் இவருக்கும் அங்கேயே தங்கிக்கொள்ள கிரீன் கார்டு கிடைத்தது. பகலெல்லாம் மகள் வேலைக்குப் போக, பேரனுக்குத் தாத்தாதான் எல்லாம். பையன் அவர் மடியைத் தவிர வேறு எங்கும் தூங்கமாட்டானாம்.

இடையில் மத்தூரில் இருந்த பூர்வீக நிலத் தகராறுக்காக வந்து நீண்ட நாள் தங்கிவிட்டார். திரும்பிப் போனபோது விமான நிலையத்தில் ஓர் அதிகாரி, "நீ இந்தியாவில்தானே வாழ்கிறாய்? அடுத்த தடவை கார்டைப் பறித்துக்கொள்வோம்" என்று மிரட்டியிருக்கிறான். அந்தப் பயத்தில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் ஓசூருக்குச் சிறிது நாள் வந்தபோது, திரும்பிப் போனதும் அமெரிக்க வரலாறு கேட்கும் குடியுரிமைத் தேர்வு என்ற நிலையில் இருந்தார்.

சிப்காட் பஸ் நிறுத்தத்தில் முனியப்பாவின் டீக்கடை. முனியப்பாவும் எங்கள் கம்பெனி ஆள்தான், பிரஸ் ஷாப்பில் இருந்தவர். அவர் கடை பெஞ்சில் நான் அமெரிக்க அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்க, ரிஜெக்ட் சார் எதிரே விறைப்பாக உட்கார்ந்து பதில் சொல்வார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கொடியில் ஏன் பதின்மூன்று கோடுகள் என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

தேர்வு முறை மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"பத்துக்கு ஆறு சரியா இருந்தா பாஸாம். அப்ப நாலு தப்பு? பத்துல நாலு ரிஜெக்டுன்னா நான் லாட்டையே திருப்பி அனுப்புவேன். இந்த நாடு எப்டிப்பா உருப்படும்?"

"சார், உங்களுக்கு நல்லதுதானே?" என்றேன்.

"எனக்கு நல்லதுன்னா அளவு மாறிடுமா?"

வரலாறு முடிந்து, விண்ணப்பத்தில் உள்ள ஆமாம், இல்லை கேள்விகளுக்கு வந்தோம். அதிகாரி அதையும் நேரில் கேட்பார். "நேரடியாகவோ மறைமுகமாகவோ எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்பு இருந்ததா?" என்று படித்தேன். பெஞ்சில் இருந்த எல்லோரும் முனியப்பாவைத் திரும்பிப் பார்த்தோம்.

முனியப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் கிடையாது. அவர் ஓட்டிய பிரஸ் மிஷினில் கைக்குத் தடுப்பு இல்லை, ஓட்டக்கூடாது என்று சிவப்பு அட்டை கட்டியவர் ரிஜெக்ட் சார். மேலிடத்தில் அட்டையைக் கழற்றிவிட்டு முனியப்பாவை ஓட்டச் சொன்னார்கள். விரல்கள் போன பிறகு, அப்படி ஒரு விபத்தே கம்பெனிக்குள் நடக்கவில்லை என்றும் சொன்னார்கள். தொழிலாளிகள் செங்கொடியோடு கேட்டில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர்கள் போராட்டத்தில் சேரமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரலாம் என்றது நிர்வாகம். ரிஜெக்ட் சார் வெளியே வந்து கொடியைப் பிடித்தார். சங்கத்தில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்கும் போனார். அங்கேயும் தட்டியில் எழுத்து கோணலாக இருப்பதாகச் சண்டை போட்டார், அது வேறு.

முனியப்பாவுக்கு உணர்ச்சி வந்தால் கன்னடம் வந்துவிடும். "இல்லா அந்த ஹேளி சார்! இல்லைன்னு சொல்லிடுங்க, ஒரே வார்த்தை, முடிஞ்சுது. அங்க யாருக்கு தெரியப்போவுது?"

"சங்கம் வேற, கட்சி வேற சார்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"மறைமுகமாவோன்னு போட்டிருக்கே தம்பி. நான் கொடி பிடிச்சனே."

"பேரப்பிள்ளையை நினைச்சுப் பாருங்க" என்றார் முனியப்பா. ரிஜெக்ட் சார் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு டம்ளரில் ஒரு குறையும் சொல்லவில்லை.

அவர் போய்ச் சில வாரம் கழித்து மகள் எனக்குப் போன் செய்தாள். முதல் ஆறு பதிலும் சரி என்றதும் அதிகாரி போதும் என்றிருக்கிறார். பாக்கி நாலையும் கேட்டால்தான் ஆயிற்று என்று இவர் பிடிவாதம் பிடித்து, பத்தும் சரியாகச் சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்துக்கொண்டே அந்தக் கேள்விக்கு வந்திருக்கிறார். இவர் "எஸ்" என்றிருக்கிறார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கட்சி மூலம் நீங்கள் என்ன செய்ய நினைத்தீர்கள் என்று கேட்க, "மிஷினுக்கு முன்னால ஒரு தடுப்பு வைக்கச் சொன்னோம்" என்றாராம். முடிவு பிறகு தெரிவிக்கப்படும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு அங்கிள். அப்பாவைத் திருப்பி அனுப்பிட்டா நானும் பையனும் என்ன பண்ணுவோம்?" என்று அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிச்சந்திரன் வீட்டுத் திண்டாட்டத்தைப் பெண்டு பிள்ளைதான் பட வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையிலிருந்து என் செல்போனில் அவரைப் பிடித்தேன். நான் திட்டுவதற்கு முன்பே முனியப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எதுக்கு சார் சொன்னீங்க? என்னால அந்தக் குழந்தைக்குத் தாத்தா இல்லாம போயிடணுமா?"

போனைச் சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் அவர் குரல் கேட்டது.

"முனியப்பா, அந்த ரூம்ல நான் இல்லைன்னு சொல்லியிருந்தா, உன் கைக்கு ஒண்ணுமே ஆகலைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்ப்பா. அன்னைக்குக் கம்பெனிக்காரன் சொன்னான். நானும் சொல்லவா?"

முனியப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் திட்டவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். மடியில் தூங்குகிறான், மெதுவாகப் பேசு என்றார்.

மறுபடி ஒருமுறை கூப்பிட்டு விசாரித்து, மாதக்கணக்கில் எங்கள் எல்லோரையும் தவிக்கவிட்டு, கடைசியில் குடியுரிமையைக் கொடுத்துவிட்டார்கள். அவர் வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னபோது, இடது கையைப் பேரன் கடைசிவரை விடவில்லையாம். கேட்டதும் முனியப்பா கன்னடத்தில் என்னென்னமோ சொன்னார், எனக்குப் பாதி புரியவில்லை.

அந்த நாட்டுக்கு ஒரு நல்ல ஆள் கிடைத்தார். எங்களுக்கு அவர் இல்லாமல் இருப்பது இன்னும் பழகவில்லை.