தலை திறந்திருந்தபோதும் தவறாத மரியாதை

டர்பன்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய நாத்தனார் தெம்பேகிலே அவர்களுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் மாடுகளும் நலம் என்று நம்புகிறேன். தலையில் இருபத்தாறு தையல் நீங்கலாக நானும் நலம். உங்கள் அண்ணன் போன பிறகு புகுந்த வீட்டு முறைகளையெல்லாம் நான் விட்டுவிட்டதாக நீங்கள் சர்ச்சில் பேசினீர்களாம். அதற்குப் பதில்தான் இது.

என் மூளையில் இருந்த கட்டி பேச்சுக்கான வெள்ளை நார்களை ஒட்டி வளர்ந்திருந்தது. சொல் உருவாகும் இடத்தையும் அது புரியும் இடத்தையும் இணைக்கிற கம்பிகள் அவை, அறுந்தால் வாய் இருந்தும் பேச்சு இருக்காது என்றார் டாக்டர் பிள்ளை. ஆகவே என்னை விழிக்க வைத்து, படம் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டே அறுப்பாராம். மெல்லிய மின்சாரத்தால் நாரைத் தொடும்போது நான் தடுமாறினால் அங்கே நிறுத்திவிடுவாராம். முந்தின நாள் சனேலே என்ற பேச்சுப் பயிற்சிப் பெண், இன்னும் கல்யாணமாகாதவள், எண்பது அட்டைகள் காட்டினாள். எல்லாவற்றையும் நம் ஜூலு மொழியில் பிழையின்றிச் சொன்னேன். ஒரு தொப்பி மட்டும் கவிழ்த்த கிண்ணம்போல இருந்தது. எங்கள் கன்னியர் பள்ளியில் இப்படி வரைந்தவளை முழங்காலில் நிறுத்துவார்கள் என்றேன். பாவம், அவள் மறுநாள் காலை அதை எடுத்துவிட்டு வேறு அட்டை வைத்திருக்கிறாள். என்ன படம் தெரியுமா? இறகும் அலகுமாக மரத்தில் உட்கார்ந்திருக்குமே, அது.

அந்தச் சொல் உங்கள் அப்பாவின் பெயரில் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருடமாக அது என் வாயில் வந்ததில்லை. மண்டையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக மருமகள் மாமனார் பெயரைச் சொல்லிவிட முடியுமா? “கூடு கட்டுவது” என்றேன். டாக்டர் திரும்பக் கேட்டார். “கூடு கட்டுவது.” மின்சாரத்தை எடுத்துவிட்டுக் கேட்டார்; அதே பதில். நாருக்கே சேதம் வந்துவிட்டதோ என்று அவர் குரல் இறங்கிப்போனது. நிலக்கடலை அளவு கட்டி மிச்சம் இருக்கிறது, அது மறுபடி வளரும்தான், ஆனாலும் இத்துடன் நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கல்யாணமாகாத பெண்ணையும் ஒரு நர்ஸையும் தவிர அறை முழுக்க ஆண்கள். அவர்களிடம் போய் இதை விளக்க எனக்குக் கூச்சம். அப்போது நர்ஸ் மாசுங்கு, நாலு பிள்ளை பெற்றவள், என் முகத்தருகே குனிந்தாள்.

“அம்மா, உங்க மாமனார் பேரு என்ன?”

“அந்தப் பொண்ணு கையில பிடிச்சிருக்காளே, அதுதான்.”

மாசுங்கு நிமிர்ந்து, “டாக்டர், நாருக்கு ஒண்ணும் ஆகலை. இவங்க மரியாதை காக்குறாங்க. வேற படம் காட்டுங்க” என்றாள். சனேலே வாளி காட்டினாள். வாளி என்றேன். கரண்டி, குதிரை, ஏணி, எல்லாம் சொன்னேன். நிலக்கடலையும் வெளியே வந்தது.

இந்தக் கடிதத்தை ஞாயிறன்று பெண்கள் சங்கத்தில் உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கன்னி மாதா உங்கள் வீட்டையும் தொழுவத்தையும் காக்கட்டும்.

உங்கள் அண்ணன் மனைவி,
பிலோமினா

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாசுங்கு வந்தாள். தையல் போட மறுபடி தூக்க மருந்து கொடுத்தபோது நான் உங்கள் அப்பாவின் முழுப் பெயரையும் ஆறு முறை சொல்லி, அவர் என் கஞ்சியைக் குறை சொன்ன ஒவ்வொரு கிறிஸ்துமஸையும் வருடத்தோடு எடுத்துச் சொல்லித் திட்டினேனாம். பேச்சு நார்கள் முழுசாக இருப்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை என்று டாக்டர் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். கடிதத்தை யாருக்கும் வாசிக்க வேண்டாம். முன்னோரிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வெள்ளாடு பார்த்து வையுங்கள். பெரிதாகவே இருக்கட்டும்.