இடது கையைக் காணோம்

பெண் பார்க்கப் போகிறவன் சட்டைப்பையில் கைக்குட்டையும் சீப்பும்தான் இருக்க வேண்டும். என் பையில் சிலந்தி இருந்தது.

அறுபதுகளின் கடைசி. கல்லூரியில் விலங்கியல் டியூட்டர் வேலை. திருப்பருத்திக்குன்றத்தில் சருகுகளைச் சலித்தபோது, கடுகைவிடச் சின்னச் சிலந்திகள் சில கிடைத்தன. எந்தப் புத்தகத்திலும் அவை இல்லை. புதுப் பேரினமாகவே இருக்கலாம் என்றார் மெட்ராஸிலிருந்த என் பேராசிரியர். ஆனால் அப்படி விவரித்து எழுத ஆண் சிலந்தி வேண்டும். அதன் முகத்தருகே இருக்கும் இரண்டு குட்டிக் கைகள்தான் அடையாளம். என்னிடம் ஒரே ஓர் ஆண்தான் இருந்தது. அதை ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குழாயில் போட்டுக்கொண்டு, பெண் பார்த்த கையோடு மெட்ராஸ் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. (எதற்காக மனசு அதிகம் படபடத்தது என்று என் மனைவி இன்றுவரை கேட்கவில்லை. நல்லவள்.)

பெண்ணின் அப்பா ஏகாம்பரம் பட்டுத்தறி வைத்திருந்தவர். முகத்தில் பாதி மீசை. அக்காவோடு போய் நான் பாயில் உட்கார்ந்ததும் அவர் மூக்கு சுருங்கியது. மதுவிலக்குக் காலம் அது. குழாயின் தக்கை தளர்ந்து, என் சட்டையிலிருந்து கள்ளச்சாராய வாசனை கிளம்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, வர்ற வழியில எங்கனா போய்ட்டு வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பதறிப்போய்க் குழாயை எடுத்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சிலந்தியை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாடமே நடத்த ஆரம்பித்தேன். ஒன்றுமே தெரியலையே என்று அவர் குனிந்துகொண்டே போனார். மீசை தட்டில் உரசியது. நிமிர்ந்தபோது தட்டு காலி.

அக்கா, நான், காப்பி கொண்டுவந்த விசாலம், மூவரும் தரையில் தவழ்ந்தோம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. (மாப்பிள்ளைக் கோலத்தில்தான்.) அதைப் பார்த்த விசாலம் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அசையாதீங்கப்பா. மீசையில இருக்குது."

அந்த வீட்டில் அதுவரை அவருக்கு யாரும் உத்தரவு போட்டதில்லையாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்தார். அவள் ஒரு பட்டு நூலின் முனையை ஸ்பிரிட்டில் நனைத்து, அந்தப் புள்ளியை ஒட்டியெடுத்துக் குழாய்க்குள் விட்டாள். "நல்லா அழுத்தி மூடுங்க" என்று தக்கையை நீட்டினாள். அப்போதுதான் அவள் முகத்தையே பார்த்தேன்.

கல்யாணம் நடந்தது. கட்டுரையும் வந்தது. புதுப் பேரினமேதான். ஆனால் விவரிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது: ஆணின் இடது கை காணப்படவில்லை. அது எங்கே போயிற்று என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

சில வருஷம் கழித்துத் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாமனார், ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். உள்ளே மீசை.

"தேடிப் பாருங்க மாப்பிள்ளை. உங்க பொருள நான் எதுக்கு வச்சிக்கினு இருக்கணும்?"

மைக்ராஸ்கோப்பில் அன்று சாயங்காலம் முழுக்கத் தேடினேன். இல்லை. கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்றாள் விசாலம். சொன்னேன். அதன்பின் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், மாப்பிள்ளையின் ஆராய்ச்சிக்கு மீசையையே கொடுத்த கதையைப் பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லாமல் அவர் எழுந்ததில்லை.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. இப்போது பந்தியில் அந்தக் கதையைச் சொல்பவள் என் பேத்தி, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு.