மஞ்சள் வளையலுக்கு ஓர் இடம்

கோவிந்தசாமி அளக்கும் டேப்பின் ஒரு நுனியைப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலைமாட்டில் வைத்தான். மறு நுனியை இழுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தான்.

"பதினாறு அடி மச்சான். வரிசைக்குப் பதினாறு கேன் தாராளமா நிக்கும்."

தாமரைச்செல்வி கஞ்சிக் கிண்ணத்தோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யாரைக் கேட்டு அளக்கறீங்க?"

"சும்மா அளக்கறான் தாமர. அளந்தா காசா பணமா?" என்றான் அவள் கணவன் நெடுமாறன்.

சாரம் பகுதியில் அந்த வீட்டு ஹாலில் ஐந்து வருஷமாக நடக்கிறது 'தாமரை மழலையர் காப்பகம்'. ஆறு குழந்தைகள். ஏழாவதை யார் கொண்டுவந்தாலும் சேர்க்க மாட்டாள். "எனக்கு இருக்கறது ரெண்டு கை" என்பாள். இப்போது ஆவணி மாதம். வருகிற ஜூனில் ஆறில் நாலு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். அந்தச் சேதி காதில் விழுந்ததுமே நண்பன் கோவிந்தசாமிக்கு ஹாலைத் தண்ணீர் கேன் குடோனாகக் கொடுப்பதென்று நெடுமாறன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"ஜூன் ஒண்ணாம் தேதி காலையில புதுசா நாலு பிள்ளைங்க இந்த ஹால்ல இருக்கணும். இருந்தா கிரெஷ், இல்லன்னா கேன். சரியா?" என்றான் நெடுமாறன்.

"சரி! எழுதி வெச்சுக்குங்க. நாலு பேரு வருவாங்க" என்றாள் தாமரை.

வீம்புக்குச் சொன்னதல்ல. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் ஒரு துணிக்கடையில் உட்கார முக்காலிகூட இல்லாமல், மகன் வயிற்றில் இருந்தபோதும், நின்றவள் அவள். இந்த ஹாலில்தான் முதல்முதலாக உட்கார்ந்து வேலை பார்த்தாள், சிரித்தும் பார்த்தாள். இதை விட்டால் மறுபடி அந்தக் கடைதான். அதை நினைத்தாலே அவளுக்குக் குதிகால் வலித்தது.

அன்று சாயங்காலம் தன் மகள் ஈனெஸைக் கூப்பிட்டுப் போக வந்த ஏவ்லின்தான் வழி சொன்னாள்.

"பாரிஸ்ல எங்க அண்ணிக்கு இப்பதான் மூணு மாசம். அதுக்குள்ள கிரெஷ்ல இடம் சொல்லி வெச்சாச்சு. வுவாலா!" என்று பிரெஞ்சில் முடித்தாள்.

"வயித்துல இருக்கறப்பவேவா?"

"அங்க அப்படித்தான். பொறந்தப்புறம் போனா இடம் கெடைக்காது."

தாமரை விரல் விட்டு எண்ணினாள். ஆவணியில் ஏழாம் மாத வளைகாப்பு. கார்த்திகையில் பிரசவம். ஆறு மாசம் லீவு. வைகாசியில் லீவு முடியும். ஜூனில் வேலை. அட, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே!

மறுநாளே நெல்லித்தோப்பில் தெரிந்தவர் வீட்டு வளைகாப்புக்குப் போனாள். சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள், கைப்பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்தாள். 'குழந்தையின் பெயர்', 'பிறந்த தேதி' என்று அதில் கோடு போட்டிருந்தது.

வளைகாப்புப் பெண்ணின் மாமியார் ஜெயம் எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! பொறக்காத பிள்ளைக்குப் பொறந்த தேதி கேக்கறா பாரு! தொட்டிலுக்குக் கயிறுகூட வாங்காம பயந்து பயந்து இருக்கோம். எழுத வந்துட்டியா நீ?"

"இல்லக்கா, சும்மா ஒரு இடத்துக்கு..."

"இடத்தைக் காலி பண்ணு மொதல்ல!"

புளி சாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று வரிசையாகத் தூக்கு வைத்திருந்தார்கள். ஒன்றையும் மூடி திறந்துகூடப் பார்க்காமல் தாமரை வெளியே வந்தாள். ஜெயம் சொன்னது நியாயம்தான். பிறக்கிறவரைக்கும் பேசக் கூடாது, வாங்கக் கூடாது, எழுதக் கூடாது. அது பாரிஸ், இது நெல்லித்தோப்பு.

பஸ் வருவதற்குள் அவளுக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. வளைகாப்புக்குப் போகிறவள் படிவத்தை ஏன் நீட்ட வேண்டும்? வளையலைப் போட வேண்டியதுதானே?

நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். வளையல்காரர் முப்பது பெட்டி திறந்து காட்டினார். முப்பத்தொன்றாவது பெட்டியில் இருந்தது, மஞ்சள் கண்ணாடியில் நீலப் புள்ளி வைத்த வளையல்.

"இது மறுபடி வராதும்மா. மிச்சம் நாலே ஜோடிதான் இருக்கு."

"நாலேதான் எனக்கும் வேணும்!"

ஆவணி முடிவதற்குள் நாலு வளைகாப்பு. இரண்டுக்கு அழைப்பு உண்டு, இரண்டுக்குக் கிடையாது. அழைக்காத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் வீடு என்று நினைத்துக்கொண்டார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் உபசரித்ததில் சாப்பாடு மட்டும் பலமாக இருந்தது. ஒவ்வொரு பெண்ணின் கையிலும் மஞ்சள் ஜோடியை ஏற்றிவிட்டுக் காதோரம் சொன்னாள்.

"ஜூன்ல இந்த ஜோடியைக் கொண்டாந்து காட்டு கண்ணு. எங்கிட்ட உனக்கு ஒரு இடம் இருக்கு."

எழுதவில்லை, பெயர் சொல்லவில்லை, பிள்ளை என்ற பேச்சே எடுக்கவில்லை. எந்த மாமியாரும் முறைக்கவில்லை. கருவடிக்குப்பத்துச் செந்தமிழ்ச்செல்வி மட்டும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா வர்றேங்க்கா, பள்ளிக்கூட வேலையை விடறதா இருந்தேன்" என்று கண் கலங்கினாள்.

தாமரை வீட்டுக்கு வந்து வாசலில் பலகை மாட்டினாள். 'ஜூன் மாதம் இடம் இல்லை.'

வினை அந்தப் பலகையில்தான் ஆரம்பித்தது. இல்லை என்று எழுதிய பிறகுதான் ஊரே கேட்டு வந்தது. ஐப்பசியில் இரண்டு பேர். மார்கழியில் மூன்று பேர். ஒருத்தர் இரட்டைக் குழந்தைகளை இரண்டு தோளிலும் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரையும் திருப்பி அனுப்பினாள்.

நெடுமாறன் தலையில் அடித்துக்கொண்டான். "கையில இருக்கற பிள்ளையை அனுப்பிட்டு வயித்துல இருக்கற பிள்ளைக்குக் காத்துக்கிட்டு இருக்க. இது உனக்கே நல்லா இருக்கா?"

"வாக்குக் குடுத்தாச்சு. குடுத்தது குடுத்ததுதான்."

வளையல் விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. பொங்கல் கழித்து ஒரு பெண் மஞ்சள் வளையலோடு வந்து இடம் கேட்டாள். தாமரை கையைப் பிடித்துப் பார்த்தாள். நீலப் புள்ளி அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நகப்பூச்சு!

"இன்னாம்மா இது, நீயே புள்ளி வெச்சுக்கிட்டு வந்தியா?"

"மூணு கடை ஏறி எறங்கிட்டேங்க்கா. கெடைக்கல" என்றாள் அவள் கூசாமல்.

அதற்குப் பிறகு சட்டம் கடுமையாயிற்று. பலகையில் வளையலின் புகைப்படத்தை ஒட்டி, 'இந்த வளையலைக் காட்டுபவருக்கே அனுமதி. வேறு பேச்சு கிடையாது' என்று எழுதினாள். நாலு பெண்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள்: 'வளையல் இல்லாமல் யாரும் வர வேண்டாம்.' மூன்று பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒருத்தி கும்பிடு போட்டு அனுப்பினாள். கும்பிட்டால் சம்மதம்தானே என்று தாமரை நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஸ்கூட்டியில் ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் பார்வதி என்றாள்.

"எங்களுக்கு ஷிப்டு வேலைம்மா. எம் மக பிள்ளை ஒண்ணு, கூட வேலை பாக்கறவங்க பிள்ளைங்க மூணு. ஜூன்லேர்ந்து உட்டுட்டுப் போக எடம் இல்லாம தவிக்கறோம்."

"பலகையைப் பாருங்கம்மா. இடம் இல்ல."

பார்வதி பலகையைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புகைப்படத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு தாமரையின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உன்னை எங்கியோ பாத்திருக்கேம்மா."

"சாரத்துல யாரு யாரைப் பாக்கல?"

"இந்த வளையலைக் காட்டுனா போதுமா?"

"போதும்."

"யாரு காட்டுனாலும்?"

"யாரு காட்டுனாலும்! எங்கிட்ட எப்பவும் ஒரே பேச்சுதான்."

பார்வதி சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மே மாதக் கடைசியில் பழைய பிள்ளைகள் நாலு பேரும் சாக்லேட் கொடுத்து, அழுது, விடைபெற்றுப் போனார்கள். செந்தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

"அக்கா, வளையல்தான் வேணுமா? வேற ஏதாச்சும்..."

நகப்பூச்சுக்காரி தாமரையின் நினைவுக்கு வந்தாள்.

"வளையல்தான் கண்ணு. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வெக்க முடியுமா?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. தாமரை நாலு பாயைத் துவைத்துக் காயப்போட்டாள். நாலு புது டம்ளரில் வாத்து, பூனை, யானை, மயில் படம் ஒட்டினாள்.

ஜூன் ஒன்றாம் தேதி எட்டரை மணிக்கே கோவிந்தசாமி டெம்போவோடு வந்துவிட்டான்.

"ஒம்போது ஆவட்டும்" என்றாள் தாமரை.

"ஆவட்டும் தங்கச்சி. அதுவரைக்கும் ரெண்டு கேனை ஓரமா வெக்கறேன்."

இரண்டு, ஆறானது. ஆறு, பன்னிரண்டானது. ஈனெஸும் இன்னொரு பையனும் கேன்களுக்கு நடுவே ஒளிந்து விளையாட ஆரம்பித்தார்கள். நெடுமாறனுக்கே மனசு கேட்கவில்லை.

"விடு தாமர. உன்னால ஆனதைப் பண்ணிட்ட."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குங்க" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

ஒன்பது அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. பார்வதி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு குழந்தைகள் இறங்கின. பார்வதி கையை மேலே தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எட்டு வளையல்கள். மஞ்சளில் நீலப் புள்ளி.

தாமரை விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றுகூட அழியவில்லை.

"எல்லாம் அசலு" என்றாள் பார்வதி. "ஒரு ஜோடி எனக்கு வந்தது. மீதி மூணும் கூட வேலை பாக்கறவங்களுக்கு வந்தது. உன் பலகையைப் பாத்துட்டுப் போய் பத்திரமா எடுத்து வெச்சோம்."

கோவிந்தசாமி கையில் கேனோடு அப்படியே நின்றான். தாமரை கடிகாரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு குழந்தைகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிவிட்டாள்.

"எண்ணிக்குங்க. புதுசா நாலு! அண்ணே, கேனை எடுங்க, பிள்ளைங்க இடிச்சுக்கப் போவுது."

நெடுமாறன் ஒரு கேனைத் தோளில் ஏற்றினான். மூலையில் ஒரு குழந்தை வாத்து டம்ளருக்காக அழ ஆரம்பித்தது. தாமரைக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

அப்புறம்தான் அவளுக்கு மூச்சு திரும்பியது. பார்வதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் சரி. நாலு பொண்ணுங்களுக்கு நான் ஆசையா போட்டுவிட்ட வளையலும்மா இது. ஒருத்திகூட வரல. எல்லாம் எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

பார்வதி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"வளைகாப்பு வளையலைப் பிரசவம் பாத்த நர்சுக்குத்தானேம்மா கழட்டிக் குடுப்பாங்க? பத்து வருஷத்துக்கு முன்னாடி நீ கழட்டிக் குடுத்ததுகூட எங்கிட்டதான்."