உன் மனையின் வடகிழக்கு மூலைக் கல்

வேங்கிக்கால்,
12-7-2021, திங்கட்கிழமை.

என் மைத்துனன் சிரஞ்சீவி புகழேந்திக்கு, உன் அக்காள் புருஷன் மணிவேல் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இவ்விடம் நானும் ரேணுகாம்பாளும் சௌக்கியம். கொரோனா ஊசி இரண்டும் போட்டாகிவிட்டது. எனக்கு ஒருநாள் காய்ச்சல், உன் அக்காவுக்கு அதுவும் இல்லை. அவ்விடம் நீயும் எழிலும் குழந்தையும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். தவிர, நான் போனை எடுத்தாலே உன் அக்கா பக்கத்தில் வந்து நிற்கிறாள். விஷயம் உன் மனையைப் பற்றியது. பயப்பட வேண்டாம், மனை இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டை ஒட்டி அந்த மனையை நீ வாங்கியபோது, "பாத்துக்குங்க மாமா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறினாய். நானும் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவன், பக்கத்து மனையை ஒருத்தன் அரை அடி தள்ளி வேலி போட்டாலும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறவன், அதனால் என் கண்ணைப் போல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது உன் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லி, ஆவணியில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட நீ நாள் பார்த்து, தை மாதம் காலி செய்கிறேன் என்று ஓசூர் வாடகை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபப்படுவதைக் கடைசியில் மொத்தமாகப் பட்டுக்கொள்.

போன மாதம் பதினாலாம் தேதி சரக்குக் கடைகளைத் திறந்தார்கள் அல்லவா, அதில்தான் ஆரம்பம். நம் பைபாஸ் ஓரத்துக் கடையில் கட்டை கட்டி, வட்டம் போட்டு, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை விற்பனை என்று எழுதிப் போட்டார்கள். கடை திறக்கலாம், பார் திறக்கக் கூடாது, வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதியவருக்கு இந்த ஜனங்களின் வீட்டுக்காரிகளைத் தெரியாது. ஒரு மாதம் காய்ந்து கிடந்தவன் கையில் பாட்டிலோடு வாசல்படி ஏறினால் என்ன ஆகும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஆகவே வாங்கினவர்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிழலாக ஓர் இடம் தேடினார்கள். பைபாஸிலிருந்து இந்தப் பக்கம் நடந்தால் முதல் நிழல் உன் மனையில் இருக்கிற வேப்ப மரம்.

முதல் நாள் நாலு பேர். மூன்றாம் நாள் பதினேழு பேர், நான் மாடியில் நின்று எண்ணினேன். அவர்களில் தலைவன் மாதிரி இருந்தவன் இருசப்பன், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆள், கட்டடத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கிறவன், வயது ஐம்பது இருக்கும். இன்னொருவன் மூர்த்தி, கிரிவலத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவன், கிரிவலத்துக்குத் தடை போட்டதிலிருந்து வண்டியையும் மனசையும் ஓரம் கட்டி வைத்திருக்கிறான். ஒழுங்கு இல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். இருசப்பன் சுண்ணாம்பு கொண்டுவந்து உன் மனைக்குள் வட்டமே போட்டுவிட்டான், ஆளுக்கு ஒரு வட்டம், நடுவில் உரித்துத் தின்ன அவித்த மல்லாட்டை. முகக்கவசத்தை ஒரு காதில் தொங்கவிட்டு, ஒரு வாய் குடித்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. ‘இது தனியார் மனை, அத்துமீறி நுழையாதீர்’ என்று போர்டு எழுதி நட்டேன், அதில் சட்டையைக் கழற்றி மாட்டினார்கள். பீட்டுக்கு வந்த போலீஸ்காரரிடம் சொன்னேன், பட்டா இடம் என்பதால் ஓனர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். நீயோ அப்போது மாவட்டம் தாண்ட ஈ-பாஸ் இல்லாமல் ஓசூரில் கிடந்தாய். கடைசியில் நானே இறங்கிப் போய், குடும்பம் இருக்கிற தெரு, எழுந்து போங்கள் என்று கேட்டேன். இருசப்பன் மரியாதையாக எழுந்து நின்று, "பார் தொறக்கிற வரைக்கும்தான் சார், தொறந்துட்டா நீங்க கூப்ட்டாலும் வரமாட்டோம்" என்றான்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. சுவரில் அசிங்கம் பண்ணுகிறார்கள் என்றால் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டுகிறோம், ஒரு பயல் கிட்டே வருவதில்லை. உன் மனையில் சுவர் இல்லை. ஆனால் வடகிழக்கு மூலையில் சர்வே கல் இருக்கிறது. நானே நட்ட கல், முழங்கால் உயரம், முகப்பில் இலாகா வழக்கப்படி அம்புக்குறி வெட்டியது. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தையும் குச்சியில் குத்தி வைத்தேன். பிள்ளையார் என்று சொன்னால் பயப்படமாட்டார்கள், தோளில் கை போடுவார்கள். அதனால் முனீஸ்வரன் என்று அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். முனீஸ்வரன் என்றதும் எனக்கு அவர் அரிவாள் ஞாபகம் வந்தது, அவருக்கு வைக்கிற படையல் ஞாபகம் வரவில்லை. நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்து அறுபத்தோரு வயசான ஒருவன் செய்யக்கூடிய தப்பா இது? செய்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தேன். இருசப்பன் முதலில் வந்தான், கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். எனக்கு உச்சி குளிர்ந்தது. பின்னால் வந்தவர்களையும் கையமர்த்திச் செருப்பைக் கழற்றச் சொன்னான். எல்லாரும் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இருசப்பன் பாட்டிலைத் திறந்து முதல் மூடியை முனீஸ்வரனுக்கு ஊற்றினான். மூர்த்தி ஒரு சுருட்டைப் பற்றவைத்து முன்னால் வைத்தான். மறைவில் பயந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து படைத்துவிட்டுக் குடிக்கிறார்கள்.

நான் ஓடினேன். அதற்குள் அம்புக்குறியைத் தடவிப் பார்த்து, சூலம் தானாகவே கிளம்பியிருக்கிறது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது சூலம் இல்லை, சர்வே மார்க், இது வெறும் எல்லைக் கல் என்று விளக்கினேன். இருசப்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரிதாபப்பட்டான். "சர்வே கல்லுக்கு யார் சார் மஞ்ச பூசுவாங்க?" என்று கேட்டான். நான்தான் பூசினேன் என்று பதினேழு பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். மூடின வாயைப் பார்த்து, சாருக்கு ஏதோ தெரியும், சொல்லமாட்டேன் என்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதிலிருந்து எனக்கு ஏற்பட்ட மரியாதையை உனக்கு மறைக்கக் கூடாது. ரிடையர் ஆன நாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. ஊரடங்கு வந்த பிறகு உன் அக்காவும் கேட்பதில்லை, சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. இவர்களோ தினமும் நாலரை மணிக்கு, "சார் வந்து கற்பூரம் காட்டுனாத்தான் ஆரம்பிப்போம்" என்று கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்றார்கள். மச்சான், சந்தோஷமாகத்தான் இருந்தது. சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம் என்று போய் நிற்பேன். ஒருநாள் பிரசாதம் என்று ஒரு மூடி நீட்டினார்கள். மறுத்தால் சாமி குத்தம், குடித்தால் உன் அக்கா குத்தம், எனவே விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அரைமணி நேரம் கண் எரிந்தது. கண் சிவந்து வீட்டுக்குள் நுழைந்தவனை உன் அக்கா என்ன நினைத்தாள் என்பதை எழுத இந்தக் காகிதம் போதாது.

அதோடு போயிருந்தால் உனக்குக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன். அப்போது கோயில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன அல்லவா? பெரிய கோயில் கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள், இங்கே பூட்டு இல்லாமல் ஒரு சாமி இருக்கிறது என்று கேள்விப்பட்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது எதிர்வீட்டு ஜோதியம்மாள், சத்துணவு அமைப்பாளர், உனக்குத் தெரியும். அவள் மகன் பாலாஜி ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் இருந்தபோது மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு உன் வேப்ப மரத்தில் கட்டினாள். பையன் பிழைத்து வந்துவிட்டான். அவன் பிழைத்ததில் எனக்கும் கண் கலங்கியது, ஆனால் மறுவாரமே அவள் தகரக் கொட்டகை போட்டு, மணி ஒன்றும் தொங்கவிட்டாள். காலையில் பெண்கள், சாயங்காலம் ஆண்கள் என்று அவர்களுக்குள்ளேயே நேரம் பிரித்துக்கொண்டார்கள். ஐந்தாம் தேதி பெரிய கோயிலைத் திறந்தார்களே, இனி எல்லாரும் அங்கே போய்விடுவார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அங்கே தூர நின்று சாமி பார்க்க வேண்டும், இங்கே தொட்டே கும்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அக்கா உட்பட. அவள் இப்போது செவ்வாய், வெள்ளி பொங்கல் வைக்கிறாள். தம்பி மனையில் சாமி வந்து உட்கார்ந்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கும் என்கிறாள். அந்தக் கல்லை நட்டவனும் நான், மஞ்சள் பூசியவனும் நான் என்று அவளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குள் புகுந்து சாமிதான் செய்ய வைத்தது என்றாள்.

என் சர்வீஸில் இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கல் ஒன்று, கொட்டகை ஒன்று, பிறகு உண்டியல், பிறகு கலெக்டரே வந்தாலும் அசைக்க முடியாது. அந்த இடத்தில் கோயில் என்று எத்தனை வரைபடத்தில் என் கையால் குறித்திருக்கிறேன் தெரியுமா? அடுத்தவன் நிலமாக இருந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இது உன் நிலம். நீயும் எழிலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. நீ வந்து நின்று, மாமா என் மனை எங்கே என்று கேட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? வெட்கமாக இருக்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். சர்வே கல்லை நகர்த்துவது குற்றம், அதனால் கல் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். மஞ்சளைக் கழுவிவிட்டால் கல் கல்தான். ஆடி பிறந்துவிட்டால் சாமி காரியத்தில் கை வைக்க விடமாட்டார்கள். எனவே அதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலையில், ஒருவரும் எழுவதற்குள், வாளியும் பிரஷ்ஷும் சோப்புத்தூளும் எடுத்துப் போய்ச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். முனீஸ்வரனிடம் கற்பூரம் ஏற்றி மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். கொட்டகையை ஜோதியம்மாளிடம் பேசிப் பிரித்துவிடலாம். இருசப்பனும் மூர்த்தியும் நான் சொன்னால் கேட்பார்கள். நீ ஆவணியில் தைரியமாகக் கடைக்கால் தோண்டலாம், சென்ட்ரிங் வேலைக்கு இருசப்பனையே வைத்துக்கொள்ளலாம், கை சுத்தமான ஆள். உன் அக்காவுக்கு இந்தக் கடிதம் தெரிய வேண்டாம்.

எழிலுக்கு என் ஆசீர்வாதம். குழந்தைக்கு முத்தம், சானிடைசர் போட்டுக்கொண்டு கொடு. நீங்கள் மூவரும் சொந்த வீட்டில், பதினாறும் பெற்று, நோய்நொடி அண்டாமல் வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் மாமா,
மணிவேல்,
ஓய்வுபெற்ற சர்வேயர்.

பின்குறிப்பு (17-7-2021): வேலையை முடித்து ‘முடிந்தது’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பலாம் என்று கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று விடியற்காலை வாளியோடு போனேன். ஜோதியம்மாள் அங்கே ஏற்கனவே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் வாளியையும் பார்த்தவள், "சார் கையாலயே அபிஷேகமா" என்று சொல்லிப் பால் எடுத்துவர ஓடினாள். அவள் திரும்பும்போது பன்னிரண்டு பெண்கள், உன் அக்கா முன்னால். சோப்புத்தூளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பாலை ஊற்றினேன், இளநீர் ஊற்றினேன், மறுபடி மஞ்சளும் பூசினேன், போன தடவையைவிட ஜாஸ்தியாக. அதற்குள் இருசப்பன் கடப்பாரையோடு வந்து, சாமி எல்லையோரத்தில் இருக்கக் கூடாது, மனைக்கு நடுவில் இருக்க வேண்டும் என்றான். சர்வே கல்லை நகர்த்துவது குற்றம் என்று சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "நடு எதுன்னு சார்தான் சொல்லணும்" என்று டேப்பை என் கையில் கொடுத்து எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். மச்சான், நான் என்ன செய்வேன், முப்பத்திரண்டு வருஷத்துக் கை. மூலைக்கு மூலை கயிறு பிடித்து, குறுக்கே வெட்டுகிற இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன். அரை அங்குலம் பிசகில்லை. ஆவணியில் நீ பார்த்த நாளிலேயே சின்ன அளவில் கும்பாபிஷேகம் வைத்திருக்கிறது, பத்திரிகையில் ‘நில உபயம்’ என்று உன் பெயரும் எழில் பெயரும் போடுகிறோம். உன் பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியல் மட்டும் போதுமா, ஊர் இனிஷியலும் சேர்க்க வேண்டுமா என்பதை உடனே எழுது, அச்சுக்குப் போக வேண்டும்.