இருபத்தேழு நோட்டுகளில் என் மனைவி

காட்வா,
புதன்கிழமை

அன்பு மைத்துனன் பிஜனுக்கு, அத்தான் பவதோஷ் சான்யால் எழுதுவது. இந்தக் குளிரில் உன் வீட்டில் ஒருவருக்கும் சளி பிடிக்காமல் காளி காப்பாற்றட்டும். நான் நலம். உன் அக்கா கேதகி ஒன்பது நாளாக பஹரம்பூரில் உன் வீட்டில் இருக்கிறாள் என்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நடந்ததை என் பக்கமிருந்தும் நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முப்பது வருஷமாக நான் ஆங்கில ட்யூஷன் எடுப்பது உனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்வேன். அதில் ஒரு சொல்லைப் பெயராகவோ வினையாகவோ அடையாகவோ மாற்றி, பொருள் கெடாமல் பிள்ளைகள் திருப்பி எழுத வேண்டும். பரீட்சையில் நிச்சயம் வரும் கேள்வி. புத்தக வாக்கியங்கள் தேய்ந்துபோனதால் வீட்டு விஷயங்களையே எடுத்துவிடுவேன். அன்றைக்கு உன் அக்கா வகுப்பு நடுவில் வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என் தலையில் குரங்குக் குல்லாவை மாட்டிவிட்டுப் போனாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வந்த கோபத்தில், 'என் மனைவி பிடிவாதமானவள்' என்று கொடுத்தேன். 'என் மனைவியிடம் பிடிவாதம் உண்டு', 'என் மனைவி பிடிவாதமாக நடந்துகொள்கிறாள்' என்று இருபத்தேழு பேரும் பிழையில்லாமல் எழுதினார்கள். வெளியே காத்திருக்கும் அம்மாக்கள் நோட்டை அங்கேயே பிரித்துப் பார்ப்பார்கள், அவர்களுக்கு டீயும் பொரியும் கொடுத்துக்கொண்டு இவளும் நடுவில் உட்கார்ந்திருப்பாள் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு தடவைன்னா கோவத்துல சொன்னீங்கன்னு விட்டிருப்பேன். இருபத்தேழு நோட்டு, மூணு மூணு தடவை! அதுக்கு டிக் வேற போட்டிருக்கீங்க!" என்று கத்திவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

சரி, சமாதானம் செய்வோம் என்று மறுநாள் 'என் மனைவி அன்பானவள்' என்று கொடுத்தேன். மைத்ரா வீட்டு அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரெண்டு நாளா சாப்பாடு இல்லையா?" என்றாள். அதோடு விடாமல் உன் அக்காவுக்குப் போனும் போட்டிருக்கிறாள். இவள் சொன்ன பதில் இப்போது தெருவுக்கே தெரியும். "எங்கிட்ட சொல்ல வேண்டியதை ஊர்ப் பிள்ளைங்ககிட்ட ஏன் சொல்றார்? எங்கிட்ட ஒரு நாள் சொன்னதுண்டா?" நீயே சொல்லுப்பா, முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினவன் இதையெல்லாம் வாயால வேற சொல்லணுமா? எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சோறு வடிக்கிறேன், பருப்பு வைக்கிறேன், சில நாள் அது வெந்தும்விடுகிறது. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும். நான் கூப்பிட மாட்டேன்.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளின் கன்னத்தை என் சார்பில் கிள்ளு.

உன் அத்தான்,
பவதோஷ்

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. காலை பஸ்ஸில் நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். கஷ்டமில்லை என்றது, கூப்பிட மாட்டேன் என்றது எல்லாம் பொய். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. நீ தலை நிமிராமல் இன்னொரு தடவை மெதுவாகப் படி. அதற்குள் நான் சமையலறைக்குப் போய் இதை அவளிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.