பதினொரு குடும்பமும் ஒரு லினக்ஸ் பெட்டியும்

"அண்ணா, எடுத்த எடுப்புல காதுகுத்துப் போட்டோ வேண்டாமுங்க" என்றான் சந்தோஷ்குமார், டீ டம்ளரைக் கீழே வைத்து.

"ஏந் தம்பி? திட்டம் உன்றது. மொதல் போட்டோவும் உன்ற புள்ளதா இருக்கோணும்" என்றார் அர்த்தநாரி.

அர்த்தநாரி திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் லாரி வைத்திருப்பவர். போர் போடுகிற தொழிலில் முப்பது வருடம். எந்தப் பேச்சையும் தண்ணீர் வரும்வரை விடமாட்டார். அவர் வீட்டு மாடியில்தான் தெருவின் நாலு குடும்பங்கள் அன்று கூடியிருந்தன. ஆளுக்கொரு போனில் கிடக்கும் போட்டோ, பிள்ளைகளின் மார்க்‌ஷீட், பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரப்படுத்த, தெருவே சேர்ந்து ஒரு ஹோம் சர்வர் கட்டுவது என்று பேச்சு. சாதாரணக் கம்ப்யூட்டர்தான். அதில் லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டால் சந்தா கிந்தா எதுவும் கிடையாது. எல்லா வீட்டிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம்.

இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளனான சந்தோஷ்குமார் இதை விளக்கியபோது, தெருவின் நன்மைக்காகப் பிறந்த பிள்ளை என்று எல்லோரும் அவனை மெச்சினார்கள். உண்மையில் அவன் மாட்டிக்கொண்ட பிள்ளை.

போன வருடம் மகள் யுவஸ்ரீக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். சந்தோஷ்குமாருக்கு ஊசி என்றால் ஆகாது. அன்று வெயில் வேறு. ஆசாரி கம்பியைக் கையில் எடுத்தது வரை ஞாபகம் இருந்தது. பிறகு லேசாகத் தலை சுற்றி ஓரமாக உட்கார்ந்துவிட்டான். அவன் நினைப்பு அப்படித்தான். கண் விழித்தபோது பிள்ளை காதில் தோடு மின்னியது. "ஒண்ணுமில்லீங்க, வெயிலுதான்" என்று மனைவி கயல்விழி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோக்காரர் தந்த பென்டிரைவையும் அவளே வாங்கி, "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டனுங்க" என்றாள். சாவகாசமாகப் பார்க்கலாம் என்று இவன் இருந்துவிட்டான்.

ஆறு மாதம் கழித்து வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட உட்கார்ந்தான். 'டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடவா?' என்று திரை கேட்டது. கல்லூரியில் செமஸ்டருக்கு அறுபது மெஷினில் 'ஆமாம்' அழுத்திப் பழகிய விரல், இவனைக் கேட்காமலே அழுத்திவிட்டது.

ஸ்டுடியோவில் விசாரித்தான். அங்கேயும் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், இவன் வீடு திரும்புவதற்குள் கேள்வி கயல்விழியிடம் போய்ச் சேர்ந்துவிடும். அவள் திட்டமாட்டாள். அதுதான் அவனுக்குப் பயமே. பிள்ளைக்குக் காது குத்திய நேரத்தில் தான் கண்ணை மூடிக்கிடந்ததும், இனி எப்போதும் அதைப் பார்க்க முடியாது என்பதும் அவனைத் தூங்கவிடவில்லை.

அப்போதுதான் இந்த யோசனை பிறந்தது. தெருவே தன் போட்டோவை ஒரு பெட்டிக்குள் கொட்டினால், காதுகுத்துக்கு வந்தவர்கள் எடுத்த படங்களும் தானாக வந்து விழும். சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தைச் சரியாகத்தான் போட்டிருந்தான், அர்த்தநாரி வாயைத் திறக்கும்வரை.

"காதுகுத்தன்னைக்கு நானும் எங்கூட்டுக்காரி சௌந்திரமும் ஒடிசாவுல ரிக்கு பக்கத்துல கெடந்தோம். கண்ணுல பார்க்கல. அதனால அந்தப் போட்டோதான் மொதல்ல" என்றார் அவர்.

காதுகுத்துக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லோரும் திடீரென்று டீ டம்ளருக்குள் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பாப்பாயிக்குப் புரையேறியது.

"கரண்ட் நின்னா போட்டோ கெட்டுப்போயிருமுங்க. மொதல்ல பேட்டரிக்கு வழி பண்ணோணும்" என்று சமாளித்தான் சந்தோஷ்குமார்.

"ஆமாங்ணா, அவரு சொல்றது சரிதானுங்க" என்றாள் கயல்விழி அவசரமாக.

இப்படி நம்புகிறாளே என்று அவனுக்கு மனசு குத்தியது.

மறுநாளே இரண்டு லாரி பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் வந்து இறங்கின.

"ரெண்டு டெராபைட் டிஸ்க் போதுமுங்களா?" என்றான், பேச்சை மாற்ற.

"போர் மாதிரிதான், ரெண்டுல நின்னா வெறும் புகைதான் வரும். நாலுக்கு எறக்கு" என்றார் அர்த்தநாரி.

அடுத்து, பெட்டிக்குச் சூடு ஆகாது என்றான். "ஆமாங்க, சூடு ஆகவே ஆகாது" என்றாள் கயல்விழி. அர்த்தநாரியின் மனைவி சௌந்திரம் ஏ.சி. போட்ட படுக்கையறையைப் பெட்டிக்கு ஒதுக்கினாள். அர்த்தநாரி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

கடைசியாக, "நாலு குடும்பத்துக்காக இவ்வளவு பெருசா எதுக்குங்க? பத்துக் குடும்பமாவது சேரட்டும்" என்றான். எப்படியும் சேராது என்ற தைரியம்தான்.

சௌந்திரம் மகளிர் குழுவில் ஒரு வார்த்தை சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு குடும்பம் ஆனது. ஞாயிறு காலை திறப்பு விழா, பெரிய டி.வி., கேசரி, வாசலில் கோலம். முதல் நிகழ்ச்சியாக யுவஸ்ரீ காதுகுத்து!

சனிக்கிழமை பகலில் எல்லோருடைய போனையும் வாங்கி உட்கார்ந்தான். இருபத்து மூவாயிரம் போட்டோ பெட்டிக்குள் போனது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ மட்டும் ஐயாயிரம். அர்த்தநாரியின் போனில் எழுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள். பாப்பாயியின் போனில் ஆடுகள், அதுவும் ஒரே ஆடு பல கோணங்களில்.

காதுகுத்தும் இருந்தது. சீர்த்தட்டு வரிசை எல்லோருடைய போனிலும் இருந்தது. அதற்கு அடுத்த படம், எல்லோருடைய போனிலும், நேராகப் பந்தி. நடுவில் ஒன்றுகூட இல்லை. இலை போட்டதும்தான் இந்த ஊரே கேமராவைத் திறக்கிறது என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்தது. யுவஸ்ரீ புதுப் பாவாடையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, காட்டுவதற்கென்றே காதைத் திருப்பி வைத்திருந்தாள்.

"ம், போடு தம்பி!" என்றார் அர்த்தநாரி.

"மொதல்ல உங்க ரிக்கு படத்தப் போட்டா நல்லா இருக்குமுங்க அண்ணா" என்றாள் கயல்விழி. அவள் முகம் வெளுத்திருந்தது.

அவளைப் பார்த்ததும் சந்தோஷ்குமாருக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. மவுஸைக் கீழே வைத்தான்.

"கயலு, என்னை மன்னிச்சிரு. லினக்ஸ் போடறேன்னு காதுகுத்துப் போட்டோ எல்லாத்தையும் நாந்தான் அழிச்சுப்போட்டேன். யாருகிட்டயாவது இருக்கும், எடுத்து வெச்சிரலாம்னுதான் இந்தப் பெட்டியே கட்டுனேன். ஒருத்தருகிட்டயும் இல்ல. நம்ம புள்ளைக்குக் காது குத்தினத நான் பார்க்கவே இல்ல கயலு."

அர்த்தநாரி கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தார். "அட விடு தம்பி! உன்னால நம்ம பத்திரமெல்லாம் ஒரே எடத்துக்கு வந்திருச்சு. எங்கூட்டு ஏ.சி. ரூமுக்கும் ஒரு மரியாதை வந்திருச்சு" என்றார்.

கயல்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் பதறி எழுந்தான்.

"அவ எங்க அழுவறா?" என்று பாப்பாயி பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "அட வெவரமில்லாத சாமி, அந்தப் பென்டிரைவு உன்ற கம்ப்யூட்டருக்குள்ள போகவே இல்ல, பத்திரமா அவ நகைப்பெட்டியில இருக்குது, மாமன் மடியில புள்ளையும் ஆசாரி மடியில நீயும் சாஞ்சு கெடக்கற போட்டோவப் பார்த்து உன்னைய ஒருத்தரும் சிரிச்சரப்படாதுன்னு, அன்னைக்கே ஊடு ஊடா வந்து எங்க எல்லாரு போன்லயும் அழிச்சவளே அவதான்!"