மாதா கூட்டுச் சோடனையும் போலந்துப் பாதரும்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
ஆவணி 14

மன்னாரில் சுகமாக இருக்கிறீர் என்று நான் நம்பும் அன்பு மச்சான் றொய்சனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு நாங்கள் சுகம். கட்டடத்து லிப்ற்றுக்குத்தான் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீர் பெருவிரலைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுவீர், அதனால்தான் கடிதம். விஷயம் உம்முடைய அக்கா, என்ரை மனுசி யூஜினியைப் பற்றியது.

நாளைக்கு எங்கள் கோவிலில் மாதா திருநாள். மாதாவின் சுருவத்தை உள்ளே வைத்துக் கார்ப் பார்க்கைச் சுற்றிச் சுமந்துபோகும் கூட்டை வழக்கம்போல யூஜினிதான் சோடித்தா. முந்தின பாதர் ஒன்றும் சொல்லாமல் ஆசீர்வதித்துவிட்டுப் போவார். இந்த வருசம் வந்திருப்பவர் போலந்துக்காரர், வெறும் வெள்ளைச் சுவரில் பிரியம் உள்ளவர். லைற் மாலை, சரிகைச் சீலை, பிளாஸ்ரிக் தாமரை எல்லாவற்றையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓர்ணமென்ற் கூடிப்போச்சு, அரைவாசியைக் கழட்டுங்கோ" என்று இங்கிலீசில் சொல்லிவிட்டார். யூஜினியின் முகம் செத்துப்போச்சு. எனக்குப் பொறுக்குமே?

பென்சன் எடுத்த நாள் தொட்டு நான் அகராதியும் கையுமாக இருப்பவன் என்று உமக்குத் தெரியும். அந்தச் சொல்லைத் தேடினேன். அடேயப்பா, என்ன சொல் மச்சான்! லத்தீனில் அது முதலில் ஆயத்தப்படுத்துவதைத்தான் குறித்ததாம். கப்பலுக்குத் தளபாடம், குதிரைக்குச் சேணம், இது இல்லாமல் வெளிக்கிடேலாது என்கிற சாமான் எல்லாம் அதற்குள் அடக்கம். ஸ்பானியரிடம் போனால் அது பாதர்மாரின் பூசை உடுப்பு. போலந்திலும் அதே வேரில் வந்த ஓர்நாத் என்பது பூசை மேலாடை. இங்கிலீசுக்காரன்தான் அதை நத்தார் மரத்துக் கண்ணாடி உருண்டையாக்கி வைத்திருக்கிறான். எங்கடை 'அணி' மட்டும் குறைவோ? நகையும் அதுதான், படையும் அதுதான். இவ்வளவையும் பாதருக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் விளக்கினேன். மனுசன் ரசித்துக் கேட்டு, கையையும் பிடித்துக் குலுக்கி, "வடிவான பேச்சு. இப்ப கழட்டுவம்" என்றார்.

அப்பத்தான் உம்முடைய அக்கா வாயைத் திறந்தா. "கழட்டலாம் பாதர். ஆனா மாதாவுக்கு நேர்ந்து குடுத்ததிலை நாங்கள் கை வைக்கிறேல்லை. நீங்களே கழட்டி, குடுத்தவையின்ரை கையிலை குடுங்கோ."

பாதர் சரியென்று தாமரையைத் தொட்டார். "உது கிளடிசின்ரை. முழங்கால் ஒப்பரேசன் சுகமானதுக்கு." சோடிக்க வந்து நின்ற சனத்துக்குள்ளிருந்து கிளடிஸ் அன்ரி முழங்காலைத் தடவிக்கொண்டு முன்னால் வந்து நின்றா. பாதர் லைற் மாலைக்குப் போனார். "உது அனோஜாவின்ரை. அகதி வழக்கு வெல்லோணுமெண்டு. இன்னும் தீர்ப்பு வரேல்லை." அனோஜா கையை நீட்டவில்லை, அழத் தொடங்கிவிட்டாள். பாதர் பதறிப்போய்ச் சீலைப்பக்கம் திரும்பினார். "உது என்ரை. இந்த மனுசன் நெஞ்சுவலியெண்டு விழுந்த அண்டைக்கு நேர்ந்தது."

எனக்கே தெரியாது மச்சான்! அவ இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அகராதியை மூடிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

பாதர் சீலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளே போய், தேன் நிறத்தில் ஒரு செபமாலை கொண்டுவந்து, "என்ரை அம்மாவுக்கு, ஆஸ்பத்திரியிலை இருக்கிறா" என்று தானே கூட்டில் கட்டினார். உம்முடைய அக்கா லேசுப்பட்ட ஆளில்லை. இப்படி ஒருத்தியை எனக்குக் கட்டித் தந்த உங்கள் குடும்பத்துக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, இப்ப சொல்லுறன்.

பிரச்சினை எல்லாம் தீர்ந்தது. நாளைக்குக் கூடு ஒரு குறையுமில்லாமல் வெளிக்கிடும். உம்மையும் உம்முடைய மனுசியையும் பிள்ளைகளையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

உம்முடைய அத்தான்,
மரியரட்ணம்

பி.கு.: கூடு வெளிக்கிடாது போலிருக்கு. பாதரின் கதையைக் கேள்விப்பட்ட போலந்துச் சனமும் பிலிப்பைன்ஸ் சனமும் பின்னேரம் வந்து தாங்களும் நேர்ந்து நேர்ந்து கட்டிவிட்டதில், அது இப்ப கோவில் வாசலாலை போகாது. "கொஞ்சத்தைக் கழட்டுவமோ?" என்று நான்தான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உம்முடைய அக்காவும் பாதரும் முறைச்ச முறைப்பு! யூஜினி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. பாதர் கதவைக் கழட்டுகிறார்.